கிதர் முகம்மதுவின் நூற்று நான்கு

உத்திரமேரூர் பஜாரில் கிதர் முகம்மதுவைக் கேபிள் பாய் என்று கூப்பிடுகிறவர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அவன் நெட் பாய். எனக்கு வெறும் கிதர். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். இப்போது அவனுடைய ஆபீசுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாதி நாள் எனக்கு வேலை இருக்காது. அந்த நேரமெல்லாம் அவன் ஆபீசில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்கென்று கிடக்கும். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பாலானதை நான் கண்ணால் பார்த்தேன். சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் என் குறை.

அவன் தொழில் இதுதான். காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய கம்பெனியிடம் இன்டர்நெட்டை மொத்தமாக வாங்குவான். அதை வயரில் உத்திரமேரூருக்குக் கொண்டுவந்து, இங்கிருந்து சாலவாக்கம் வரை அறுநூறு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பான். மண்டியில் மூட்டையாக வாங்கிக் கடையில் கிலோவாக விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவன் அப்பா அதைத்தான் செய்தார். பஜாரில் அவருக்கு மளிகைக் கடை. நிறுத்து முடித்த பிறகு ஒரு கை அள்ளி மேலே போடுவார். கொசுறு இல்லாமல் அந்தக் கடையிலிருந்து ஒரு பொட்டலமும் வெளியே போனதில்லை.

கிதருக்குச் சொத்தாக வந்தது அந்தப் பழக்கம் மட்டும்தான். கடை தம்பிக்குப் போய்விட்டது. குறைத்து அளந்தான் என்று தன்னை ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவனுக்கு ஒரு வியாதி. நல்ல குணம்தானே என்பவர்கள் அவனோடு ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிவிட்டு, பேசியதற்கு மேல் பத்து ரூபாய் கொடுத்து, அந்தப் பத்து ரூபாயைப் பற்றி நாலு பேரிடம் சொல்வான். யோக்கியனாக இருப்பதைவிட, யோக்கியன் என்று பெயர் வாங்குவதில் அவனுக்கு ருசி அதிகம். சிநேகிதன் என்பதால் சொல்கிறேன், வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

இந்த ருசியில் மண்ணைப் போட்டவர் சாலவாக்கம் தாமோதரன். பத்து ஏக்கர் நெல், ஏரிப் பாசனச் சங்கத்தில் ஒரு பதவி, தெருவில் அவர் சொன்னால் நாற்பது வீடு கேட்கும். போன வருஷம் ஒரு நாள் காலையில் ஆபீசுக்கு வந்து போனை நீட்டினார்.

"இன்னா பாய், நூறுன்னு சொல்லி கனெக்சன் குடுத்த. முப்பத்தெட்டு தான் வருது. இத்தப் பாரு, நேத்து. இது முந்தாநேத்து. போட்டோ புடிச்சி வெச்சிக்கீறேன்."

ஊர் உலகமெல்லாம் வைத்திருக்கிற, நெட் வேகம் பார்க்கிற அந்த ஆப்பில் எடுத்த படங்கள். வரிசையாகப் பதினேழு இருந்தன.

"உங்க அத்தா கடையில அரை கிலோ உளுந்து வாங்கினா அரை கிலோக்கு மேல தான் இருக்கும். நீ நூறுக்கு முப்பத்தெட்டு நிறுக்கிற. புதுக் கம்பெனிக்காரன் எங்க தெருவுல கம்பம் நட்டுக்கினு கீறான், தெரியும்ல?"

கம்பெனிக்காரன் கம்பம் நடுவது கிதர் காதில் விழவே இல்லை. உளுந்து விழுந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் அவன் மனைவி அமீனா பீவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டை அவன் திறக்கவில்லை. வீணாக வேண்டாமே என்று நான் சாப்பிட்டேன்.

ஆபீசில் வேலை தெரிந்த ஒரே ஆள் தமிழ்ச்செல்வி. டிப்ளமோ படித்த பெண், மானாம்பதியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். கேட்டால் நமக்கு லாபம், கேட்காவிட்டால் அவளுக்கு நஷ்டமில்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

"சார், அந்த ஆப் எந்த ஊரு சர்வரப் புடிக்குதுன்னே தெரியாது. ஒரு நாளு சென்னை, ஒரு நாளு மும்பை. போற வழியெல்லாம் கூட்டம். நம்ம வயர்ல ஒரு கொறையும் இல்ல. வோணும்னா நம்ம ஆபீஸ்லயே ஒரு டெஸ்ட் சர்வர் வெச்சிக்கலாம்."

"வெச்சா?"

"அவுங்க வூட்டுல இருந்து இங்க வரைக்கும் எவ்ளோ வேகம்னு காட்டும்."

கிதர் நிமிர்ந்து உட்கார்ந்தான். சொந்தத் தராசு ஒன்று கிடைக்கும் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது.

எதை வைப்பது என்பதற்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் ஆபீசில் பெண் பார்க்கும் படலம்தான். முதலில் வந்தது வெளிநாட்டுக் கம்பெனியுடையது. பேர் பெற்ற இடம், வருஷா வருஷம் கட்டணம், நூறு நிபந்தனை. நம் மெஷினில் அவர்கள் பெயர் ஓடும். கிதர் அதைத் தள்ளிவிட்டான். இரண்டாவது இலவசம், தமிழ்ச்செல்விக்குப் பிடித்தது. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து, நொடிக்கு ஒரு வரி. எத்தனை அனுப்பினோம், எத்தனை வழியில் தொலைந்தது என்று அணு அணுவாகச் சொல்லும்.

"இத்த விட சரியா எதும் அளக்காது சார்."

"சரி தான் தமிழு. இத்த தாமோதரன் அண்ணன்கிட்ட எப்டி காட்டறது? மனுசன் எதோ மந்திரம்னு நெனச்சிக்குவாரு."

மூன்றாவதும் இலவசம். ஆப் எதுவும் இறக்க வேண்டாம். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பட்டனை அமுக்கினால் பெரிய வட்டம், அதில் ஒரு முள். யார் எப்போது எவ்வளவு பார்த்தார்கள் என்று நம்மிடம் பதிவும் இருக்கும். முள் ஏறுவதைப் பார்த்ததும் கிதர் முகம் மலர்ந்தது. முள் இல்லாத தராசை அவன் தராசாகவே மதிப்பதில்லை.

கிடங்கில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றினார்கள். முதல் நாள் தொண்ணூற்று நான்கு காட்டியது. ஊரே கொண்டாடியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்தபோது ஆளுக்கு நாற்பத்தேழு காட்டியது. கிதருக்கு வியர்த்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் வயர் சொருகுகிற கார்டு பழையது, அதற்கு மேல் அதால் வாங்க முடியாது என்று தமிழ்ச்செல்வி கண்டுபிடித்து மாற்றினாள். அளக்கிற சாமானே சின்னதாக இருந்தால் அளக்கப்படுகிறவன் குற்றவாளியாவான் என்று அன்றைக்கு நான் ஒரு தத்துவம் சொன்னேன். யாரும் ரசிக்கவில்லை.

கார்டு மாறியதும் எல்லோருக்கும் தொண்ணூற்று ஐந்து. கிதருக்குத் திருப்தியில்லை.

"நூறுன்னு வித்துட்டு தொண்ணூத்தி அஞ்சு காட்டினா அஞ்சு எங்கன்னு கேப்பான்."

"அது வழிச் செலவு சார். எந்த நெட்டுலயும் அவ்ளோ போவும்."

"வழிச் செலவு வாங்கறவன் தலையிலயா? எல்லாருக்கும் நூத்திப் பத்து வெச்சி உடு."

அப்படித்தான் கொசுறு வயருக்குள் நுழைந்தது. சாலவாக்கத்தில் எந்த வீட்டில் பட்டனை அமுக்கினாலும் முள் நூறைத் தாண்டி நூற்று நான்கில் போய் நின்றது. வாங்கியதற்கு மேல் நாலு. தாமோதரன் அதைப் பார்த்த அன்று ஆபீசுக்குப் போன் செய்து, "உங்க அத்தாவ பாத்த மாரி கீது பாய்" என்றார். கிதர் போனை வைத்துவிட்டு மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்தான். அழுதான் என்று நான் சொல்லவில்லை, மூஞ்சியைக் கழுவினான்.

அந்தச் சமயத்தில் தமிழ்ச்செல்வி தன் வழக்கப்படி ஒரு தடவை சொன்னாள்.

"சார், இது நம்ம ஆபீஸ் வரைக்கும் தான் அளக்குது. அதுக்கப்பால காஞ்சிவரத்து லைன் இன்னா ஆவுதுன்னு இதுக்குத் தெரியாது. வெளிய ஒரு சர்வர் வாடகைக்கி எடுத்து அதுல இன்னொரு டெஸ்ட் போடலாம். ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல காட்டினா எங்க கோளாறுன்னு தெரிஞ்சிடும்."

"கடையில ரெண்டு தராசு வெச்சா, எது உண்மையான தராசுன்னு கேக்க மாட்டானா? அப்பால பாத்துக்கலாம்."

அப்பால பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஸ்டிக்கர் அடித்தான். அடித்தது என் கடையில். ஒவ்வொரு வீட்டு வைஃபை பெட்டியின் மேலும் ஒன்று. போனைக் காட்டினால் டெஸ்ட் பக்கம் திறக்கிற கியூஆர் கட்டம், அதன் கீழே: "நூறுக்கு மேல் வந்தால் லைன் சரி. உங்கள் போனைப் பாருங்கள்." அந்த வாசகத்தை எழுதியவன் நான். அப்போது அது கச்சிதமாக இருப்பதாக நினைத்தேன்.

மூன்று மாதத்தில் புகார் போன்கள் பாதியாகக் குறைந்தன. யார் வீட்டில் நெட் மெதுவாக இருந்தாலும் முதலில் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள். நூற்று நான்கு. அப்படியென்றால் போன் பழசு, இல்லை, படம் காட்டுகிற கம்பெனிக்காரன் திருடன். கூரம் பக்கத்திலிருந்து இரண்டு ஆபரேட்டர்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். தாமோதரன் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் தன் முள்ளைக் காட்டிக்கொண்டிருந்தார். கம்பம் நட்டவன் கம்பத்தோடு நின்றான். ஊரில் ஒருத்திதான் அந்த ஸ்டிக்கரை மதிக்கவில்லை. அமீனா பீவி. மகள் ஷாஜியா ஷார்ஜாவில் இருக்கிறாள். "ஷாஜியா மூஞ்சி தெரிஞ்சா நெட்டு கீது, தெரியலன்னா இல்ல" என்பது அவள் கணக்கு.

ஜூலையில் ஒரு புதன்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தமிழ்ச்செல்வி திரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"காஞ்சிவரத்து லைன் போச்சி சார்."

ராஜகுளத்துக்குப் பக்கத்தில் ரோடு வேலை. எவனோ தோண்டி வயரை அறுத்துவிட்டான். சாயங்காலம் ஆகும் என்று பெரிய கம்பெனியில் சொன்னார்கள். முன்பெல்லாம் இப்படி நடந்தால் ஆபீஸ் போன் சூடாகிவிடும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குரூப்பில் உடனே ஒரு செய்தி போடுவான் கிதர். அன்றைக்கும் டைப் அடித்தான். லைன் கட், மாலைக்குள் சரியாகும், மன்னிக்கவும். அனுப்புவதற்கு முன்னால் போனைப் பார்த்தான். ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. ஒருத்தரும் கூப்பிடவில்லை.

"டெஸ்ட் நூத்தி நாலு தான் காட்டுது சார் இப்பவும்," என்றாள் தமிழ்ச்செல்வி. "நம்ம வயர் நல்லா தான கீது. மெசேஜ் போட்டுடட்டுமா?"

கிதர் என்னைப் பார்த்தான். நான் விசிறியைப் பார்த்தேன்.

"எவனும் கேக்கலியே," என்றான். "கேட்டா சொல்லலாம்."

இரண்டேகாலுக்கு ஒரே ஒரு போன் வந்தது. அமீனா பீவி. ஷாஜியா மூஞ்சி வரவில்லையாம். சாயங்காலம் வரும் என்று சொல்லி வைத்துவிட்டான். ஆறு மணிக்கு லைன் வந்தது. அறுநூறு வீட்டில் நாலரை மணி நேரம் நெட் இல்லாமல் போய், பஜாரில் ஒரு குருவிக்குக் கூடத் தெரியாமல் முடிந்தது. டைப் அடித்து வைத்ததை அழித்தான். இரண்டு டீ வாங்கிவரச் சொன்னான். ஒரு பேஜாரும் இல்லாமல் பிழைத்தோம் என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தாமோதரன் வந்தார். கிதர் எழுந்து நின்றான். திட்டுவார் என்று தயாராக நின்றான் என்பது அவன் தோளில் தெரிந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒரு யோசனை சொல்லு பாய். நம்ம வளர்மதிக்கி நேத்து மெட்ராஸ் கம்பெனியில இன்டர்வியூ. மூணு மணிக்கி. லேப்டாப்புல தான் உக்காந்து பேசணும்னு சொல்லிட்டான். அது சுத்திக்கினே கீது, தொறக்கவே மாட்டேங்குது. நெட்டு இல்லப்பா, நெட்டு இல்லப்பான்னு பொண்ணு அழுவுது. நான் ஒன் ஸ்டிக்கர்ல காட்டிப் பாத்தேன். நூத்தி நாலு. லைனு நல்லா தான் கீது, ஒன் லேப்டாப்பு தான் ஓட்டன்னு ஒரு சத்தம் போட்டேன். அவ சித்தப்பா பையன் குடுத்த பழசு அது. ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, அதுலயே நேரம் போச்சி. வூட்டுக்குள்ள போன்ல பேச்சு கேக்கும், செல்லு நெட்டு வராது. மொட்டமாடிக்கி ஓடி போன்ல மெயில் பாத்தா, வேற ஆள எடுத்துக்கினோம்னு வந்துகீது."

கிதர் கண் தமிழ்ச்செல்வி பக்கம் போனது.

"போனது போவட்டும். புதுசா ஒண்ணு வாங்கித் தரப் போறேன். எது வாங்கலாம், நீ சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்."

எனக்கு எழுந்து என் கடைக்குப் போய்விடலாமா என்றிருந்தது. கூசியது. தமிழ்ச்செல்வி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"அண்ணே, லேப்டாப் வாங்காதீங்க," என்றான் கிதர். "நேத்து நெட்டு இல்ல. ராஜகுளத்தாண்ட வயர் அறுந்துபோச்சி."

"சும்மா சொல்லாத பாய். நான் தான் கண்ணால பாத்தேனே."

"அது எங்க ஆபீஸ் வரைக்கும் தாண்ணே காட்டும். வெளிய போவாது."

தாமோதரன் சிரித்தார். எழுந்து கிதர் தோளில் தட்டினார்.

"பொண்ணு மனசு ஆறட்டும்னு பழிய ஒன் தலையில போட்டுக்கிற. ஒனக்கு உங்க அத்தா மனசு பாய். எந்த லேப்டாப்புன்னு நான் காஞ்சிவரத்துல விசாரிச்சிக்கிறேன்."

அவர் போன பிறகும் கிதர் உட்காரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ஐம்பது வருஷமாக எந்தப் பெயருக்கு அலைந்தானோ அந்தப் பெயரை அவர் இவன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவன் முகம், ஜுரம் வந்தவன் முகம் மாதிரி இருந்தது.

"வண்டில ஏறுடா சின்னராசு," என்றான்.

சாலவாக்கம் போய்ச் சேர்ந்தோம். தாமோதரன் எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவர் மனைவி அம்முலு மோர் கொண்டுவந்து வைத்தாள். வளர்மதி கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய லேப்டாப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். வேலை விளம்பரங்கள். கண் வீங்கியிருந்தது. கிதர் மோரைத் தொடவில்லை. போனில் தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டான்.

"காஞ்சிவரத்து வயர உருவு."

"சார், மொத்த ஊருக்கும் போயிடும்."

"ரெண்டு நிமிசம். உருவு."

லேப்டாப்பில் அடுத்த பக்கம் திறக்காமல் சுற்ற ஆரம்பித்தது. வளர்மதி கையை எடுத்துக்கொண்டாள்.

"இப்ப ஸ்டிக்கர காட்டிப் பாருங்கண்ணே."

தாமோதரன் போனை வைஃபை பெட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினார். பட்டனை அமுக்கினார். முள் கிடுகிடுவென்று ஏறி நூற்று நான்கில் நின்றது.

"வந்துடுச்சி பாரு," என்றார். ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தார்.

"அப்பா," என்றாள் வளர்மதி. "நெட்டு இல்லப்பா. வயர உருவிக்கீறாங்க."

அவர் திரும்பவும் அமுக்கினார். நூற்று நான்கு. மூன்றாவது தடவை அமுக்கவில்லை. போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், பிறகு கிதரைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"அங்கிள்," என்றாள். "நேத்து லைன் போனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

சாயங்காலம்தான் தெரியும் என்று அவன் சொல்லியிருக்கலாம். மூன்றரை என்றிருந்தாலும் போதும். மறுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. நானும் சொல்லியிருக்க மாட்டேன். கிதர் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"ஒன்றரைக்கி தெரியும்மா," என்றான்.

 கணக்குப் போட அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் டவுன் பஸ் பிடித்து உத்திரமேரூரில் செல்போன் நெட் நன்றாகக் கிடைக்கிற எந்தக் கடையிலாவது உட்கார்ந்திருக்கலாம். என் கடையிலேயே உட்கார்ந்திருக்கலாம், கதவைச் சாத்திக் கொடுத்திருப்பேன். அவள் லேப்டாப்பை மூடினாள்.

கிதர் கையிலிருந்த போனில் தமிழ்ச்செல்வியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், ரெண்டு நிமிசம் ஆயிடுச்சி. ஒருத்தரும் போன் பண்ணல. வயர சொருகிடட்டுமா?"